அம்மாவின் குரலைக் கழுவிய கதை

அட்டையில் 'அறிமுகம்' என்று போட்டிருக்கும் புத்தகங்களை அவ்வளவு லேசில் நம்பிவிடக் கூடாது. அதிலும் இலக்கமுறைச் சமிக்ஞைச் செயலாக்கம் என்ற பாடத்துக்கு எழுதப்படும் அறிமுக நூல்களை நம்பவே கூடாது. (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சத்தத்தையோ படத்தையோ எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளிவிடுவது, அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரியை அந்த நூல்களில் எதுவும் எனக்குச் சொல்லவில்லை.)

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அறிமுகம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் மகன் என்று விசாரிப்பார்கள். உட்காரச் சொல்லி, பால் விடாத ஒரு பிளேன்டீ கொடுப்பார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். அதற்கப்புறம்தான் வந்த காரியத்துக்கு வருவார்கள். இந்த நூல்களோ, 'பள்ளிக்கூடக் கணிதம் தெரிந்தால் போதும்' என்று முன்னுரையில் பல்லைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் கழுத்தைப் பிடித்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த காலத்தில் என் கழுத்து பல தடவை அப்படிப் பிடிபட்டிருக்கிறது. நான் கண்டுபிடித்த தற்காப்பு ஒன்றுதான். இரண்டாம் அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, இதைவிட லேசான அறிமுகம் இருக்கிறதா என்று தேடப் போய்விடுவேன். நூலகத்தில் ஒன்று எடுத்தேன். சீனியர் அண்ணன் ஒருவர், "இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்" என்று இன்னொன்றைத் தந்தார். (சின்னப் பிள்ளைக்கு விளங்கலாம். நான் வளர்ந்துவிட்டேன்.) இப்படியே போய், கண்ணில் பட்ட அறிமுக நூல்கள் அத்தனையினதும் முதல் அத்தியாயத்தை மட்டும் கரைத்துக் குடித்தவன் ஆனேன். சமிக்ஞை என்றால் என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் தூங்குவது போல நடிப்பேன்.

அந்தப் பாடத்தில் கோட்டை விட்டேன். மறுபடியும் எழுத வேண்டும். கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் இன்னுமொரு அறிமுக நூலை வாங்கிக்கொண்டு, ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு லீவில் வந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் சுகந்தி அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது.

அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டார், அந்த வீட்டு மேடம் தரவில்லை. வீடியோ கோலில் காட்டலாம் என்றால் எங்கள் கோயில் மண்டபத்தில் சிக்னல் கிடையாது. (சிக்னல் வேண்டுமென்றால் பெக்டரி முடக்குக்கு, அதாவது பெக்டரிக்குப் பக்கத்தில் ரோடு வளைகிற இடத்துக்கு, ஏற வேண்டும். அங்கே எந்நேரமும் நாலு பேர் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.) அதனால் அம்மா தன் பேச்சைப் போனில் பதிந்து அனுப்புவது, அதைக் கல்யாண சபையில் ஸ்பீக்கரில் போடுவது என்று ஏற்பாடு.

இது ஏதோ ஆசைக்குச் செய்த ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காரணம் எங்கள் மாமா.

மாமா அம்மாவின் அண்ணன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கங்காணி. தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற மனிதர். பேர் கூப்பிடாமல் ஒருவரும் அசையக் கூடாது என்பது அவருக்கு வேலை மட்டுமில்லை, சுபாவமே அதுதான். அம்மா குவைத்துக்குப் போனபோது அவரிடம் சொல்லாமல் போய்விட்டார். சொன்னால் தடுப்பார் என்று பயம். அன்றைக்கு முறுக்கிக்கொண்ட மாமா, அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் எங்கள் ஆட்களில் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன்தான். அவர் எழுந்தால்தான் பெண் எழும்புவாள். அப்பா பாக்கு வெற்றிலையோடு நோட்டன் பிரிட்ஜுக்குப் போனார். மாமா மரியாதையாக உட்கார வைத்து, சோறு போட்டு, ஒரே ஒரு பேச்சுச் சொல்லி அனுப்பினார்.

"மச்சான், கல்யாணத்துக்கு வர்றேன். ஆனா எந்தங்கச்சி சபையில வச்சு அவ வாயால என்னையக் கூப்பிடணும். கூப்பிட்டா எந்திரிப்பேன். கூப்பிடலன்னா சோத்த தின்னுட்டு பஸ் ஏறிருவேன்."

அம்மா இதைக் கேட்டுவிட்டு என்னைப் போனுக்கு வரச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்.

"சரி தம்பி. நான் பேசி அனுப்புறேன். சபையில போடுற வரைக்கும் யாரும் அதக் கேக்கக் கூடாது. அக்காவும் கேக்கக் கூடாது, அப்பாவும் கேக்கக் கூடாது."

"நான் கேக்கலாமா?"

"நீ சத்தம் சரியா இருக்கான்னு மட்டும் பாரு."

பெற்ற தாய் சொன்னதை இவ்வளவு அட்சரம் பிசகாமல் செய்த பிள்ளை உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டான். சத்தம் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

சரியாக இல்லை. மேடத்துக்குக் கேட்கக் கூடாது என்று அம்மா துணி துவைக்கும் மெஷினை ஓடவிட்டு அதன் பக்கத்தில் நின்று பேசியிருந்தார். பேச்சுக்குப் பின்னால் முழு நேரமும் 'கொர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். ஹெட்போனில் ஆரம்பத்தைக் கேட்டேன். எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, சம்பந்தி வீட்டாரை வரவேற்று, "அண்ணே" என்று தொடங்கும்போது அம்மாவின் குரல் உடைந்தது. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அம்மா அழுதால் எனக்குத் தாங்காது, அன்றும் இன்றும். மிச்சத்தைச் சபையில் எல்லாரோடும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே, நான் பெக்டரி முடக்கில் நின்றபோது, அம்மாவிடமிருந்து போன் வந்தது. மேடம் போனை எடுத்துப் பார்ப்பார் என்ற பயத்தில், அனுப்பியதை உடனே அழித்துவிட்டாராம். அழிக்கும்போது 'எல்லாருக்கும் அழி' என்பதை அமத்தியிருக்கிறார். பார்த்தால் என் போனிலும் காணோம். நான் பதறவில்லை. லெப்டொப்பில்தான் எடுத்து வைத்திருந்தேனே.

கண்டியில் வாங்கிய நூலை இங்கேதான் விரித்தேன். அதன் முதல் அத்தியாயத்தின் கடைசியில், வாசகரின் ஆசையைக் கிளப்புவதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் கொடுத்திருந்தார்கள். ஒலிப்பதிவிலிருந்து இரைச்சலை நீக்கும் புரோகிராம். 'இப்போதைக்கு இதை அப்படியே தட்டச்சுச் செய்து பாருங்கள். எப்படி வேலை செய்கிறது என்பதை ஒன்பதாம் அத்தியாயத்தில் விளக்குவோம்' என்று எழுதியிருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? இரண்டிலிருந்து எட்டு வரை தாண்டி யார் ஒன்பதுக்குப் போவது?

புரோகிராம் இரண்டு விஷயம் கேட்டது. எந்த இடத்தில் இரைச்சல் மட்டும் இருக்கிறது? அம்மா பேச ஆரம்பிக்கும் முன்னால் மெஷின் மட்டும் ஓடிய இடத்தைக் காட்டினேன். அடுத்தது, எவ்வளவு சன்னமான சத்தம் வரைக்கும் இரைச்சல் என்று தள்ளிவிடலாம்? முதலில் ஒரு எண்ணைப் போட்டேன். கொஞ்சம் இரைச்சல் மிச்சமிருந்தது. கூட்டினேன். இன்னும் துளி இருந்தது. இன்னும் கூட்டினேன். பாத்திரம் விளக்குகிறவன் மாதிரி, பளபளவென்று வரும் வரை விடவில்லை. திரையில் சத்தத்தின் படம் வந்தது. ஆரம்பத்தில் மலையும் மடுவும், நடுவில் நீளமாக ஒரு சமவெளி, கடைசியில் மறுபடி கொஞ்சம் மலை. அந்தச் சமவெளியைப் பார்த்து, ஆகா, எவ்வளவு சுத்தம் என்று எனக்குள் பூரித்துப்போனேன். பூரிப்பில் பழைய பதிவின் பேரிலேயே சேமித்தும் விட்டேன்.

அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். "வாஷிங் மெஷின் சத்தமாம். எம்மவன் கம்ப்யூட்டர்ல போட்டு கழுவி எடுத்துட்டான். அவன் படிக்கிறதே அதானே."

கல்யாணத்தன்று காலையில் நல்ல மூட்டம். ராகலை டவுனிலிருந்து சமன் அண்ணன் ஸ்பீக்கர் செட்டோடு வந்திறங்கினார். சிங்கள ஆள். எங்கள் பக்கத்துத் திருவிழா, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவருடைய செட்தான். என்னைத் தம்பி என்பதற்கு மல்லி என்பார்.

"மல்லி, ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாப்பம்."

ஸ்பீக்கரில் போட்டால் எல்லாருக்கும் கேட்டுவிடும் என்று ஆளுக்கொரு காதாக ஹெட்போனை வைத்துக்கொண்டோம். அம்மா வந்தார். எவ்வளவு துல்லியம். பக்கத்தில் நின்று பேசுவது போல இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. சுகந்தியோட அம்மா பேசுறேன். தூரத்துல இருந்து வந்திருக்கிற சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாரையும் வாங்கன்னு கூப்பிடுறேன். அண்ணே..."

அவ்வளவுதான்.

அண்ணே என்பதற்கப்புறம் ஒன்றுமில்லை. நான் காத்திருந்தேன். சமன் அண்ணன் காத்திருந்தார். ஒரு பிளேன்டீயை ஆற்றிக் குடித்துவிடலாம் போல நீண்டுகொண்டே போனது. கடைசியில் திடீரென்று அம்மா திரும்ப வந்து, "எல்லாரும் இருந்து வயிறாறச் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று முடித்தார்.

சமன் அண்ணன் வயரைத் தொட்டுப் பார்த்தார், பிளக்கைக் கழற்றி மாட்டினார். மறுபடி போட்டோம். அதே அண்ணே, அதே மௌனம், அதே சாப்பாடு.

"மல்லி, நம்ம செட்டுல ஒரு பிழையும் இல்ல" என்றார் அவர். தொழில்காரர், தன் பக்கத்தை முதலில் தெளிவுபடுத்திவிட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுகையில் அம்மாவின் குரல் இறங்கிப் போயிருக்கிறது. இறங்கிய குரல் மெஷின் சத்தத்தைவிடச் சன்னம். சன்னமானதெல்லாம் இரைச்சல் என்று நான்தான் புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது சொன்ன பேச்சைக் கேட்டு, எந்த வார்த்தைக்காக மாமா நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாரோ அந்த வார்த்தையைத் துடைத்து எடுத்துவிட்டது. மூலப் பதிவு குவைத்திலும் இல்லை, என் போனிலும் இல்லை, லெப்டொப்பிலும் இல்லை.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெக்டரி முடக்குக்கு ஓடினேன். அம்மா திரும்ப ஒரு தடவை பேசி அனுப்பினால் போதும். கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருந்தது. பகலில் மேடம் வாங்கி வைத்துக்கொள்வார் என்பது தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் விடாமல் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் பதிவு செய்த குரலில் ஒரு பெண் அரபியில் என்னவோ சொன்னாள். அவளுடைய பேச்சில் ஒரு எழுத்துக்கூட வெட்டுப்படவில்லை.

அங்கிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடினேன். கல்யாண வேட்டியோடு தரையில் உட்கார்ந்து அந்த அறிமுக நூலைப் புரட்டினேன். பின்பக்கத்துச் சொல்லடைவில் 'இழந்ததை மீட்டல்' என்று ஒன்று இருந்தது. கடவுளே என்று பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் போனேன். 'இதுவரை வந்த அத்தியாயங்களை வாசகர் நன்கு கற்றுத் தேர்ந்திருப்பார் என்ற துணிவில் இதைத் தொடங்குகிறோம்' என்பது அதன் முதல் வரி. அந்தத் துணிவு எனக்கில்லை. ஒன்பதைத் திறந்தேன். அங்கே கட்டம் போட்டுத் தடித்த எழுத்தில், அளவை அதிகம் கூட்டினால் மெல்லிய பேச்சும் போய்விடும், மூலப் பதிவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், முடிவை முழுவதும் கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. இதை எடுத்து முதல் அத்தியாயத்தில் போட்டிருந்தால் உங்கள் குடியா முழுகிப் போயிருக்கும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையைவிட மச்சினனுக்குப் பதட்டம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

திரும்பி மண்டபத்துக்கு வந்தபோது மாமா வந்து சேர்ந்திருந்தார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பேக், பேக்கின் மேல் குடை. எந்த நேரமும் எழுந்து பஸ்ஸுக்குப் போகத் தயாரான கோலம். அந்தக் குடையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேர்த்தது.

நானே கூப்பிட்டுப் பார்ப்போம் என்று கிட்டப் போனேன்.

"மாமா, முன்னுக்கு வாங்க மாமா. மொத வரிசையில ஒங்களுக்கு நாற்காலி போட்டிருக்கு."

"இருக்கட்டும் மருமகனே. ஒங்கம்மா கூப்பிடட்டும்."

"அம்மாவுக்குப் பதிலா நான் கூப்பிடுறேன் மாமா."

"நீ ஏன் கூப்பிடுற? அதுக்குத்தான ஸ்பீக்கரு கட்டியிருக்கீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அழுகை மாதிரி வந்திருக்க வேண்டும், மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தேடிப் போனேன். அவர் மாப்பிள்ளையின் அப்பாவிடம், "நீங்க கேட்டுப் பாருங்களேன், ரேடியோவுல பேசுற மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? அக்காவிடம் போனேன். கோயில் பக்கத்து அறையில் அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அம்மா பேசினது இருக்கே..."

"அதுக்குத்தான்டா காத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு அம்மா சத்தத்தக் கேட்டுட்டு, மாமா கையப் புடிச்சிக்கிட்டுத்தான் நான் வெளிய வருவேன். தனியா நடந்து வரச் சொன்னீங்க, வரவே மாட்டேன். தாயும் வராம, மாமனும் எந்திரிக்காம, நான் என்ன அனாதையாடா?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மை கரையும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பதறினார்கள்.

"என்னடா, சத்தத்துல ஏதாச்சும் கோளாறா?"

"இல்லக்கா. கொஞ்சம் சுத்தமா இருக்கும்" என்றேன்.

கடைசி நம்பிக்கையாக மின்சாரத்தை நம்பினேன். மூட்டம் போட்டால் போகும், மழை தூறினால் போகும், ஒரு காகம் கம்பியில் உட்கார்ந்தாலும் போகும். அப்படிப்பட்ட கரண்ட் அன்றைக்கு மினுங்கக்கூட இல்லை. சமன் அண்ணனிடம் போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு செட் பழுது என்று சொல்லிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அனே மல்லி, எனக்கு அடுத்த கல்யாணம் கிடைக்காது" என்றார்.

ஐயர் மணியடித்தார். பெண்ணை அழைத்து வரலாம் என்றார். அப்பா எழுந்து நின்று, சபை முழுவதையும் கும்பிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அறை வாசலில் அக்கா வந்து நின்றாள். அவசரத்தில் தவறான இடத்தை அமத்திவிட்டேன். சமன் அண்ணன்தான் கையை நீட்டிச் சரியாகப் போட்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. சுகந்தியோட அம்மா பேசுறேன்..."

மண்டபம் அப்படியே அடங்கிப் போனது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பெருமையோடு சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி வீட்டாரை வரவேற்றாயிற்று.

"அண்ணே..."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பி மாமாவைப் பார்த்தன. மாமா குடையின் பிடியை இறுக்கினார். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. நான் கழுவிய கழுவலில் ஒரு சின்னக் கீச்சுச் சத்தம்கூட மிச்சமில்லை. ஒருவர் செருமினார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதைப் பார்த்தேன். இந்த இடத்திலேயே தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று தோன்றியது. சமன் அண்ணனின் கை வயர் பக்கம் போனது. நான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

மாமா எழுந்தார்.

பஸ்ஸுக்குத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அழுவுறா" என்றார் மாமா. யாரிடமென்று இல்லை, பொதுவாகத்தான் சொன்னார். "சின்னதுல இருந்தே இப்படித்தான் இவ. சத்தம் போடாம அழுவா. பேச்சு வராது."

கண்ணைத் திறந்தேன். மாமா குடையையும் பேக்கையும் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, அந்த நீள மௌனத்துக்குள்ளே மண்டபத்தைக் கடந்து போய் அக்காவின் கையைப் பிடித்தார். தோள் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா அவர் தோளில் சாய்ந்து விம்மினாள். பாதி மண்டபம் கண்ணைத் துடைத்தது. இரண்டு பேரும் மணவறையைத் தொடும் நேரத்தில் ஸ்பீக்கர் விழித்துக்கொண்டு, "எல்லாரும் இருந்து வயிறாறச் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அதட்டியது. அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி ஆசை தீர அழுதேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் மானத்தோடு இருந்திருப்பேன். பின்னேரம் அம்மாவின் கையில் போன் கிடைத்தது. நாங்கள் எல்லாரும், கல்யாண உடுப்போடேயே, பெக்டரி முடக்குக்கு ஏறினோம். அக்கா, மாப்பிள்ளை, அப்பா, மாமா, நான். ஸ்பீக்கரில் போட்டுப் போனை நடுவில் பிடித்தேன். அக்கா பேசினாள். மாப்பிள்ளை பேசினார். பிறகு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணன் எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சாரும்மா" என்றாள் அக்கா. "சபையில அத்தன பேருக்கும் முன்னால வந்து எங்கையப் புடிச்சாரு."

அப்புறம் அம்மா நம்ப முடியாமல் கேட்டார்.

"அவ்வளவு திட்டுத் திட்டியுமா?"

மாமா நிமிர்ந்தார். "திட்டுனியா? யாரத் திட்டுன? எப்ப?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முடக்கில் ஏற்கெனவே போனைத் தூக்கிக்கொண்டு நின்ற வேற்று ஆட்களும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி" என்றார் அம்மா. ஒரே சொல்தான். ஆனால் அந்தத் தொனியில் அவர் என்னைக் கூப்பிட்டால் நான் உண்மையைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. மெஷின், புரோகிராம், சமவெளி, ஒன்பதாம் அத்தியாயம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"சரி தங்கச்சி. இப்ப சொல்லு. என்னதான் திட்டுன?"

"வேணாம் அண்ணே. நல்ல நாளு."

"சொல்லு. கேட்டுக்கிறேன்."

அம்மா சொன்னார். தயக்கமெல்லாம் முதல் வரிக்கு மட்டும்தான். "நீங்க" என்று ஆரம்பித்தது "நீ"யில் இறங்கியது. "நான் சொல்லாமப் போனது தப்புத்தான், அதுக்கு எம்மேல கோவிச்சுக்க. எம்புள்ளைக ரெண்டும் என்ன பண்ணுச்சு? ஒழுகுற லயத்துல கெடந்ததுகள ஒரு நாளு எட்டிப் பாத்தியா? நீயெல்லாம் ஒரு மாமனா? சபையில கூப்பிட்டாத்தான் வருவியோ? நீ என்ன மினிஸ்டரா?" என்று மூச்சு விடாமல் போனார். மெஷின் ஓடவில்லை, ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் தெளிவாகக் கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தப்பு என்னோடதுதான், தப்பு என்னோடதுதான் என்று முணுமுணுத்தார். எல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அன்னிக்கு அழுதுக்கிட்டே குசுகுசுன்னு இதெல்லாம் சொல்லிட்டு, கடைசியிலதான் வாங்க அண்ணேன்னு கூப்பிட்டிருந்தேன்" என்றார்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வேள தங்கச்சி. கடைசி வரைக்கும் எவன் ஒக்காந்திருப்பான்? மினிஸ்டரு வரும்போதே நான் குடையத் தூக்கியிருப்பேன்."

"அப்ப எங்கல்யாணம் நடந்ததே இவனுக்குப் பாடம் ஏறாததுனாலதான்" என்றாள் அக்கா.

அந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடம் பிறகு ஏறியது. அந்த நூலைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன், பாஸானேன். இப்போது தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் அதே பாடத்தை நடத்துகிறேன் (சிரிக்க வேண்டாம்). எந்த அறிமுக நூல் நல்லது என்று பிள்ளைகள் கேட்டால், எதுவானாலும் பரவாயில்லை, ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறேன். மாமா மாதத்துக்கொரு தடவை எங்கள் வீட்டுக்கு வருகிறார். வாசலில் நின்று, "கூப்பிடுறீங்களா, நானாவே வரவா?" என்று கேட்பார்.

அம்மா இன்னும் குவைத்தில்தான் இருக்கிறார். எனக்கு அனுப்புகிற ஒவ்வொரு குரல் பதிவிலும் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வார். "தம்பி, சாப்பிட்டியா? ஒடம்பப் பாத்துக்க. இது நீ வெட்டுறதுக்கு." கொஞ்சம் நிறுத்துவார், சிரிப்பை அடக்குவது கேட்கும். "தம்பி, சாப்பிட்டியா? ஒடம்பப் பாத்துக்க. இது நீ வச்சிக்கிறதுக்கு."

நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.